ரப்பர் இல்லாத உலகம்

அவரோடு விளையாட உட்கார்ந்தால் முதல் இரண்டு மணி நேரம் மூட்டை கட்டுவதிலேயே போய்விடும். விண்கலம் தயாராக நிற்கும். போக வேண்டிய கிரகமும் தயார். கொள்ளைக்காரர்கள்கூட அங்கே எங்களுக்காகக் காத்திருப்பார்கள். நாங்கள் மட்டும் ஜொகூர் மாநிலத்துத் தம்போயில் என் பட்டறையின் மாடியில் உட்கார்ந்துகொண்டு, டார்ச் லைட்டை யார் எடுத்துக்கொள்வது, அதற்கு மாற்று பேட்டரி யார் பையில் இருக்கிறது, அந்தப் பையைத் தோளில் மாட்டுவதா இடுப்பில் கட்டுவதா என்று வழக்கடித்துக்கொண்டிருப்போம்.

விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திரை கிடையாது, அட்டை கிடையாது. காகிதம், பென்சில், இரண்டு பகடை. அவ்வளவுதான். ஒருவர் நடுவர். அவர் அண்டவெளியைச் சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அங்கே தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் பகடையை உருட்ட வேண்டும். நாங்கள் பிறப்பதற்கு முன்னால் அச்சான பழைய விளையாட்டு அது. படமே இல்லாத சின்னச் சின்னப் புத்தகங்கள். ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ ஒரு வாரம் ஆகும் என்பது அதில் உள்ள சட்டம்.

ஒவ்வொரு உலகத்துக்கும் புத்தகத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கும். எழுத்தும் எண்ணுமாக, காற்று எப்படி, தண்ணீர் எவ்வளவு, சனம் எத்தனை, சட்டம் எவ்வளவு கடுமை, தொழில்நுட்பம் எந்த அளவு என்று. அந்த ஒரு வரியிலிருந்து முழு உலகத்தையும் கிளப்ப வேண்டியது நடுவரின் வேலை. மற்ற ஊர் நடுவர்கள் ராட்சதப் பல்லியைக் கிளப்புவார்கள், புதையலைக் கிளப்புவார்கள். எங்களவர் சாக்கடையைக் கிளப்பினார்.

தங்கக் கோபுரங்கள் நிறைந்த ஒரு நகரத்தில் ஒரு தடவை இறங்கினோம். நான் ஆவலாக நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, இத்தனை உயரத்துக்குத் தண்ணீர் எப்படி ஏறுகிறது, குப்பை எங்கே போகிறது, இங்கே கக்கூஸ் கழுவுவது யார் என்று எங்களையே கேட்டார். ரோபோ என்றேன். ரோபோவுக்கு சர்வீஸ் செய்வது யார் என்றார். அன்று மாலை முழுவதும், மண்ணுக்கடியில் ரோபோக்களுக்கு எண்ணெய் போடுகிறவர்களின் சம்பளப் பிரச்சினையில் மாட்டிக்கொண்டோம். கோபுரத்தை நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் நடுவர் பக்கத்து ஊரான செனாயில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தார். அவர் வருகிறார் என்று தெரிந்தாலே ஆட்கள் தலைக்கவசத்தைத் தேடி ஓடுவார்களாம். அந்தப் புத்தியை ஞாயிற்றுக்கிழமையும் கழற்றி வைக்க மாட்டார். என் பட்டறைக்கு வந்தால் முதலில் தீயணைப்பான் எங்கே என்றுதான் பார்ப்பார். அந்தத் தீயணைப்பானின் மேல் என் சட்டை தொங்கினால், அதை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுத்தான் மாடி ஏறுவார்.

ஊருக்கெல்லாம் இத்தனை கேள்வி கேட்கிறவரின் வீட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அடுக்குமாடியில் ஓர் அறை. ஒரு மெத்தை, ஒரு மேசை விசிறி, ஒரு தட்டு. யாராவது விருந்தாளி வந்தால் எதில் சாப்பிடுவார்கள் என்று கேட்டேன். அவர்கள் சாப்பிட்டு முடித்ததும் கழுவிவிட்டு அதிலேயே நான் சாப்பிடுவேன் என்றார். காரில் ஏர்கோன் ஓடி எத்தனையோ காலமாகிவிட்டது. நான் கார் ஏர்கோன் பட்டறை வைத்திருக்கிறவன். இலவசமாகச் சரிசெய்து தருகிறேன் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். ஜன்னல் இருக்கிறதே என்பார். ஜொகூர் வெயிலில் வேர்த்து வடிய வந்து உட்கார்ந்து, எங்கள் விண்வெளி உடுப்பில் குளிரூட்டி சரியாக வேலை செய்கிறதா என்று விசாரிப்பார். அப்போது வரும் எரிச்சலை எங்கே போய்ச் சொல்வது?

சொல்லாதது பையில் இல்லை. இதுதான் அவருடைய ஒரே வேதம். கயிறு எடுத்துக்கொண்டேன் என்று கிளம்பும்போது வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும். கிணற்றுக்குள் விழுந்த பிறகு கயிறு இருந்திருக்குமே என்று வாதாடினால், ஒரே கேள்விதான் வரும்.

"சொன்னியா?"

இந்தக் கேள்வியால் செத்துப்போனவர்களில் மாலினியின் டாக்டரம்மாவும் ஒருத்தி. மாலினி என் நண்பன் சரவணனின் மனைவி. நிஜத்தில் ஆஸ்பத்திரித் தாதி, விளையாட்டில் கப்பல் மருத்துவர். அந்தப் பாத்திரத்தை ஆசை ஆசையாக வளர்த்து வைத்திருந்தாள். காற்று கெட்டுப்போன ஓர் உலகத்தில் இறங்கினோம். முகமூடி போட்டுக்கொண்டேன் என்று ஒழுங்காகச் சொன்னாள். அதன் வடிகட்டியைக் கடைசியாக எப்போது மாற்றினாய் என்று கேட்டார். மாற்றியதாக அவள் எப்போதுமே சொன்னதில்லை. பகடை உருண்டது. டாக்டரம்மா போய்ச் சேர்ந்தாள்.

மாலினி எழுந்து நின்றுவிட்டாள். "நான் வார்ட்ல வேலை செய்றவண்ணே. மாஸ்க் பத்தி எனக்கே பாடமா?" என்றாள். அவர் அசையவே இல்லை. அவளுக்குத் தெரியும் என்பதில் தனக்குச் சந்தேகமில்லை, அவள் சொல்லவில்லை என்பதிலும் சந்தேகமில்லை என்றார். கொஞ்ச காலம் அவள் எங்கள் மாடிப்பக்கமே வரவில்லை. பிறகு சுங்க அதிகாரி ஒருத்தியை உருவாக்கிக்கொண்டு வந்தாள். அந்த ஆளின் உலகங்களுக்குள் நுழைகிற சாமான்களை எல்லாம் பறிமுதல் செய்வதற்காகவே அந்த வேலையைத் தேர்ந்தெடுத்ததாக என்னிடம் சொன்னாள்.

அவரை மனதாரப் பிடித்தது சரவணனுக்கு மட்டும்தான். சரவணன் சிங்கப்பூரில் பராமரிப்புத் தொழில்நுட்பர். விடிவதற்கு முன்பே ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்தை மோட்டார் சைக்கிளில் தாண்டிவிட வேண்டும். மழைக்கோட்டு, கையுறை, பிளாஸ்டிக் உறைக்குள் கடப்பிதழ் என்று தினமும் மூட்டை கட்டியே பழகிய ஆள். ஒரு நாள் கொட்டுகிற மழையில் குடிநுழைவு வரிசையின் முனை வரைக்கும் போய், கடப்பிதழ் வேறு ஜாக்கெட்டில் இருப்பது தெரிந்து நனைந்தபடி திரும்பி வந்தான். எங்களிடம் இதைச் சொல்லிப் புலம்பினான். நடுவருக்கு வந்ததே சந்தோஷம். அதற்குப் பிறகு எங்களில் யாராவது முனகினால், சரவணனின் ஜாக்கெட்டைத்தான் உதாரணம் காட்டுவார்.

இப்படியே எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் சண்டையும் தே தாரிக் டீயுமாகப் போய்க்கொண்டிருந்தன. அப்புறம் நோய் வந்தது. பாலத்தை மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது.

வேலை வேண்டும் என்கிறவர்கள் மூடுவதற்குள் சிங்கப்பூருக்கு வந்துவிடுங்கள் என்று சரவணனின் முதலாளி தகவல் அனுப்பியிருந்தார். ஊர் முழுக்க அதே கதைதான். அந்தச் சாயங்காலம் தம்போயில் வீட்டுக்கு வீடு பை கட்டினார்கள். எல்லோரும் இரண்டு வாரத்துக்குத்தான் கட்டினார்கள். இரண்டு வாரம்தான் என்று யார் சொன்னார்கள், எதை வைத்துச் சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டவர் எங்கள் நடுவர் ஒருத்தர்தான். சரவணன் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடி ஒவ்வொன்றாகக் கேட்டார். நகவெட்டி? மாற்றுக் கண்ணாடி? ஊசி நூல்? போர்வை? சரவணனுக்குச் சிரிப்பு. ஒரு சின்னத் தோள்பையைத் தூக்கிக் காட்டினான்.

"ரெண்டு வாரம்தாண்ணே. நான் என்ன வேற கெரகத்துக்கா போறேன்?"

"ரெண்டு வாரத்துல தொறக்கலன்னா?"

மாலினிக்கு வந்ததே கோபம். வாசலில் நின்றுகொண்டு அபசகுனமாகப் பேசாதீர்கள் என்று சொல்லிவிட்டாள். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார். அவர் பேச்சை நிறுத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சரவணன் கையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

இரண்டு வாரத்தில் திறக்கவில்லை. இரண்டு மாதத்திலும் திறக்கவில்லை. வருஷம் திரும்பிய பிறகும் பாலம் மூடியேதான் கிடந்தது.

சரவணன் அங்கே ஓர் அறையில் வேறு ஐந்து பேரோடு இருந்தான். மேலடுக்குக் கட்டில். மாலினி இங்கே வார்டில் காலை முதல் சாயங்காலம் வரை பாதுகாப்பு உடுப்புக்குள் வெந்துகொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும்போது முகமூடி அழுத்திய தடம் கன்னத்தில் பதிந்திருக்கும். என் பட்டறைக் கதவு சாத்தியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நால்வரும் தொலைபேசித் திரையில் கூடுவோம். அது நடுவரின் ஏற்பாடு. விளையாட்டு நிற்கக்கூடாது என்றார். இந்த மனிதருக்கு வேறு கவலையே கிடையாதா என்று நான் நினைத்தேன்.

முதலில் எல்லாம் சரவணன் சிரித்துப் பேசினான். போகப் போகச் சிரிப்பு குறைந்தது, பேச்சு குறைந்தது. மாலினி அழைத்தால் எடுக்க மாட்டான். நான் அழைத்தாலும் அப்படித்தான். வேலைக்குப் போவான், வருவான், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவான், சாப்பாடு அப்படியே கிடக்கிறது என்று அவனோடு தங்கியிருந்தவர்களில் ஒருத்தர் மாலினியின் எண்ணைத் தேடிப்பிடித்துச் சொன்னார். ஒரு நாள் அவன் எடுத்தபோது, "நான் இல்லன்னாலும் நீ நல்லாத்தான் இருப்ப" என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். அவள் அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. பாலம் திறப்பது இருக்கட்டும். திறக்கும்போது சரவணன் உயிரோடு இருக்க வேண்டும்.

ஞாயிறு நாலு மணிக்கு மட்டும் எடுத்தான். படுத்தபடியே எடுப்பான். கூரையும் அவன் முகவாய்க்கட்டையும்தான் தெரியும். இருந்தாலும் எடுத்தான்.

அந்த நேரம் பார்த்து நடுவர் என்ன செய்தார் தெரியுமா? விளையாட்டிலும் எங்கள் கப்பலை ஓர் உலகத்தில் இறக்கி, அங்கே நோய் என்று சொல்லித் துறைமுகத்தை மூடிவிட்டார். எரிபொருள் கிடையாது, யாரும் கிளம்பக்கூடாது. நான் திரையிலேயே கத்தினேன். வாரம் முழுக்க அடைபட்டுக் கிடக்கிறோம், ஞாயிற்றுக்கிழமையாவது கொஞ்சம் பறந்துவிட்டு வருகிறோமே, உங்களுக்கு என்ன கேடு என்றேன். எரிபொருள் இல்லாமல் எதில் பறப்பாய் என்று அமைதியாகக் கேட்டார்.

துருவத்தில் பனிக்கட்டி இருக்கிறதல்லவா, அதை உருக்கி நாமே எரிபொருள் எடுக்கலாமே என்றாள் மாலினி. எடுக்கலாம், அதற்கு பம்ப் வேண்டும் என்றார். அப்போது சரவணனின் குரல் வந்தது. ரொம்ப நாள் கழித்து அவனாக வாய் திறந்தான். பம்ப் தானே, கப்பலில் இருக்கிற உதிரிகளை வைத்து நானே செய்துவிடுவேன் என்றான். எப்படி என்று கேட்டார். குழாய், பிஸ்டன், வால்வு என்று அடுக்கினான்.

"வாஷர்?" என்றார் நடுவர்.

"என்ன வாஷர்?"

"வாஷர் இல்லன்னா ஒழுகும்ல. எதுல வெட்டுவ?"

"ரப்பர்ல."

"இந்த உலகத்துல ரப்பர் இல்ல."

எங்கள் நாலு பேருடைய தாத்தா பாட்டிமார்களும் ரப்பர்ப் பால்மரத்தோடு மல்லுக்கட்டி வாழ்ந்தவர்கள். நடுவரும் சரவணனும் பிறந்ததே சாஆ என்ற ஊரின் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில்தான். எங்களைக் கொண்டுபோய் ரப்பர் இல்லாத உலகத்தில் விட்டிருக்கிறார். சரவணன் எழுந்து உட்கார்ந்தான். கூரை போய் அவன் முகம் முழுதாகத் தெரிந்தது. தாடி மண்டிப்போய், கண் உள்ளே போயிருந்தது. மாலினி தன் திரையைச் சட்டென்று அணைத்துவிட்டாள். அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

அதன் பிறகு வாராவாரம் வாஷர் சண்டைதான். தோல் என்பான். இங்கே தோலுள்ள பிராணியே கிடையாது என்பார். பிளாஸ்டிக் என்பான். பூமிக்கடியில் எண்ணெய் ஊற இங்கே பழைய கடல் இருந்ததில்லை என்பார். மெழுகுத் துணி என்றால் சூட்டில் இளகும், மரக்கட்டை என்றால் குளிரில் வெடிக்கும். எல்லாவற்றுக்கும் காரணம் வைத்திருந்தார் பாவி. சரவணன் திரைக்குள் கையை நீட்டி நீட்டிச் சண்டை போட்டான். அடுத்த வாரம் வேறொன்றோடு வருவான். அதையும் தட்டிவிடுவார். எனக்கு வாஷர் என்ற சொல்லைக் கேட்டாலே தலை வலித்தது.

கடைசியில் சரவணன், பால் வடிகிற செடி எதுவாவது இங்கே உண்டா என்று கேட்டான். நடுவர் யோசித்துவிட்டு, உருட்டு என்றார். அவன் தன் பக்கத்தில் உருட்டிப் பகடையைத் திரையில் காட்டினான். உண்டு. ஏதோ ஒரு முட்புதர்.

அத்தோடு விட்டாரா? பட்டையை எந்தச் சாய்வில் வெட்டுவாய், எத்தனை ஆழம், பாலை எதில் பிடிப்பாய், எதைப் போட்டு உறைய வைப்பாய் என்று ஆரம்பித்துவிட்டார். சரவணனுக்குத் தெரியவில்லை. அவனுடைய அம்மா சாஆவில் இருக்கிறார், சின்ன வயதில் பால் வெட்டியவர். யார் அழைத்தாலும் எடுக்காத பிள்ளை, தானாக அம்மாவை அழைத்து, உளியை எப்படிப் பிடிப்பது என்று கேட்டிருக்கிறான். அடுத்த நாளும் அழைத்து, பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தை மரத்தில் எப்படிக் கட்டுவது என்று கேட்டிருக்கிறான். அந்த அம்மா மாலினிக்குப் போன் செய்து, இவனுக்கு என்னம்மா ஆச்சு, சிங்கப்பூரில் பால்மரம் இருக்கிறதா என்று விசாரித்தார். குரலில் அத்தனை சந்தோஷமாம்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எங்கள் தாத்தா தோட்டத்தைவிட்டு வெளியே வருவதற்குப் பட்ட பாடு குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அவருடைய பேரன் நான், விண்கலம் ஏறி, நட்சத்திரம் நட்சத்திரமாகத் தாவி, கடைசியில் எங்கேயோ ஒரு கிரகத்தில் போய்ப் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். போதாததற்கு நடுவர் என்னைக் கங்காணியாக வேறு போட்டார். காலையில் பெரட்டு எடுக்காமல், அதாவது ஆள் கணக்கெடுக்காமல், வேலை தொடங்கக்கூடாது என்றார். என் பாத்திரம் விண்வெளிக் கப்பலோட்டி. அதை அவர் மறந்தே போய்விட்டார்.

இருந்த புதர்களின் பால் போதாது என்று காட்டை நேராக்கி, கன்று நட்டு, எல்லாம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, இது பால் கொடுக்க இன்னும் ஐந்தாறு வருஷம் ஆகும் என்றார். நான் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இணைப்பைத் துண்டித்துவிட்டேன்.

அதற்குள் பட்டறைகளைத் திறக்க விட்டிருந்தார்கள். அந்த வாரமே அவருடைய கார் விசிறிப் பட்டை அறுந்து என்னிடம் வந்தது. நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. குனிந்து வேலையைப் பார்த்தேன். அவர் ஒரு டயர்மேல் உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்து வருகிற வழியில் மாலினி அவரைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். சீருடை கசங்கி, ரொம்பக் களைத்திருந்தாள். நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, அந்த தொறமொகத்து கேட்ட தொறந்து விட்ருங்கண்ணே. அவரு வெளையாட்டுலயாச்சும் வீட்டுக்கு வரட்டும்."

"முடியாதும்மா."

"ஏண்ணே? ஒங்களுக்கு என்னா போவுது? அது சும்மா பேப்பர் தானே?"

நான் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். ஏதாவது சட்டம் பேசினால் இன்றைக்கு இந்த ஆளைப் பட்டறையைவிட்டு வெளியே தள்ளிவிடுவது என்ற முடிவோடு இருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டம் பேசவில்லை.

"நான் தொறந்து விட்டுட்டா, அடுத்த ஞாயித்துக்கெழம அவன் எதுக்கும்மா போன் எடுப்பான்?"

மாலினி இன்னொரு டயரின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

தனக்கு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாது என்றார். தைரியமாக இரு, எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவனுக்குப் போன் செய்து சொல்ல வரவில்லை என்றார். சொல்லிப் பார்க்கலாம் என்று ஒரு தடவை எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டாராம். ஆனால் ஒரு சாமான் இல்லை என்று சொன்னால், அதை எப்படிச் செய்வது என்று வாரம் முழுக்க யோசிக்கிற ஆள் சரவணன், அது தனக்குத் தெரியும் என்றார். அதனால் ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்றை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாறு வருஷம் என்று சொன்னது கொஞ்சம் அதிகம்தான், அடுத்த வாரம் அதற்கு ஒரு வழி விடுகிறேன் என்றார்.

இதை முன்னாலேயே எங்களிடம் சொல்லியிருந்தால் என்ன என்று நான் கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. கோபமா, வேறு ஏதாவதா, எனக்கே தெரியவில்லை. சொல்லியிருந்தால் நீ அவனோடு சேர்ந்து மனசாரச் சண்டை போட்டிருப்பாயா என்று திருப்பிக் கேட்டார்.

"அவன்ட்ட சொல்லிறாதீங்க, ரெண்டு பேரும். தெரிஞ்சா, என்னைய நோயாளி மாதிரி வச்சுப் பாத்திருக்காங்கன்னு நெனப்பான்."

மாலினி தலையாட்டினாள். அன்றைக்கு விசிறிப் பட்டையோடு, அவரைக் கேட்காமலேயே ஏர்கோனையும் சரிசெய்து அனுப்பினேன். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார். எந்த வாயு நிரப்பினாய், குழாயில் கசிவு சோதித்தாயா என்று விசாரித்தார். நன்றி என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு முதல் நானும் உயிரைக் கொடுத்துச் சண்டை போட்டேன். கங்காணியாகப் பெரட்டு எடுத்தேன். சரவணன் தாடியை எடுத்திருந்தான். கொஞ்ச நாளில் மாலினி அழைத்தாலும் எடுக்க ஆரம்பித்தான். பேச்சு பம்ப்பைப் பற்றித்தான். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஒரு வழியாகப் பாலம் திறந்தது. முதலில் பேருந்துகளை விட்டார்கள். மாலினியும் நானும் போய்க் காத்திருந்தோம். சரவணன் இறங்கினான். இளைத்து, முடி காதை மூடிக் கிடந்தது. போகும்போது கொண்டுபோன அதே சின்னப் பை. மாலினி அவன் சட்டையைப் பிடித்தவள், கார் வரைக்கும் விடவே இல்லை. நடுவர் வரவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை நால்வரும் மறுபடி என் பட்டறை மாடியில் உட்கார்ந்தோம். சரவணனுக்கு நிலைகொள்ளவில்லை. வாஷரே வேண்டாம், இரண்டு உலோகத் தட்டுகளைக் கண்ணாடி போல இழைத்து ஒன்றோடொன்று அழுத்தினால் ஒழுகாது, செய்து பார்த்தே விட்டேன் என்றான். அங்கே வேலையிடத்தில் கழிவு இரும்பில் இழைத்துப் பார்த்தானாம். நிஜமாகவே ஒழுகவில்லையாம். படம் வரைந்து கொண்டுவந்திருந்தான். காகிதத்தை விரித்து, நடுவரின் முகத்தைப் பார்த்தான்.

நடுவர் படத்தைப் பார்க்கவே இல்லை.

"கேட் தொறந்துட்டாங்க. எரிபொருளு குடுக்கறாங்க. நீங்க கெளம்பலாம்" என்றார்.

பகடை உருட்டவில்லை. பையில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. சரவணன் விளங்காமல் சிரித்தான்.

"அப்ப பம்ப்பு?"

"வேணாம்."

"நட்ட செடியெல்லாம்?"

"விட்டுட்டுப் போ."

சரவணனின் முகம் மாறியதை நான் பார்த்தேன். இத்தனை காலம் என்னை முட்டாளாக்கினீர்களா என்று கேட்டான். எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை யோசனை, ஒரே வார்த்தையில் கேட்டைத் திறக்க முடியுமென்றால் அன்றைக்கே திறந்திருக்கலாமே என்றான். நடுவர் புத்தகங்களை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அலுத்துப்போச்சுடா" என்றார்.

மாலினி வாயைத் திறந்தாள். அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் மூடிக்கொண்டாள். சரவணன் காகிதத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். மாலினி பின்னால் ஓடினாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. படிக்கட்டில் அவரை மறித்துக் கேட்டேன். இன்னும் ஒரே ஒரு வாரம் விட்டிருந்தால் பம்ப்பைச் செய்து, கப்பலைக் கிளப்பி, தானே வீட்டுக்கு வந்த திருப்தி அவனுக்குக் கிடைத்திருக்குமே, அதைக் கெடுத்தது என்ன நியாயம் என்று கேட்டேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார்.

"வீட்டுக்கு வந்துட்டான்ல? ஞாயித்துக்கெழம பொண்டாட்டியோட எங்கயாச்சும் போகட்டும் லா. இங்க ஒக்காந்து பம்ப்பு செய்யவா வந்தான்?"

அவர் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். ஒவ்வொரு உலகத்திலும் எதற்கு, எதற்கு என்று குடைந்தவர், சரவணனுக்கு அந்தப் பம்ப் எதற்கு என்று மட்டும் கேட்டுப் பார்க்கவில்லை. அதை அவருக்கு விளக்கலாம் என்று வாயெடுத்தேன். அவர் தீயணைப்பானின் மேல் கிடந்த என் துண்டை எடுத்து என் தோளில் போட்டுவிட்டு, காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வருஷமே கடல் தாண்டிச் சரவாக்கில் ஏதோ ஒரு தொழிற்சாலைக்கு மாறிப் போனார். தீபாவளிக்கு ஒரு வரி வாழ்த்து வரும். நான் நாலு வரி எழுதினால் பெருவிரல் படம் ஒன்று பதிலாக வரும். அவர் அறையில் இப்போதாவது இரண்டாவது தட்டு ஒன்று வாங்கியிருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது.

சரவணன் இப்போது செனாயிலேயே வேலை செய்கிறான். பாலத்தைத் தாண்டுவதில்லை. ஒரு பெண் குழந்தை, நடக்கத் தொடங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் மூவரும் என் பட்டறைக்கு வருவார்கள். தே ஓ குடித்துக்கொண்டே பேச்சு எங்கெங்கோ போய்க் கடைசியில் அந்த ஆளிடம் வந்து நிற்கும். போன வாரமும் நின்றது. கையில் கிடைத்த இரண்டு தகடுகளை எடுத்து ஒன்றோடொன்று அழுத்தி, இப்படித்தான், இப்படி வைத்தால் போதும் என்று எனக்குக் காட்டினான் சரவணன்.

"செஞ்சு முடிச்சுட்டேன்டா நான். ஒரு வாரம் பொறுத்திருந்தா வெளிய வந்திருப்போம். அந்தாளு கடைசில கெடுத்துட்டாரு. மனுசன் கஷ்டத்துல இருக்கறப்ப கொஞ்சம்கூட எரக்கம் இல்லாத ஆளு."

மகளுக்கு பிஸ்கட்டை உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த மாலினியின் கை நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். நான் அந்தத் தகடுகளை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"ஆமாடா. மோசமான ஆளு" என்றேன்.